பழைய கணினியில் புதிய கிராஃபிக்ஸ் கார்டு பொருந்துமா?

பழைய மேசைக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு மாற்றுவது குறித்துப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். கார்டை வாங்கிவிட்டுப் பிறகு எழுதியவர்களும் அவர்களில் உண்டு. வாங்குவதற்கு முன் கேபினட்டின் பக்கக் கதவை ஒருமுறை கழற்றிப் பார்த்திருந்தால் அந்தக் கடிதங்களில் பாதிக்கு மேல் தேவைப்பட்டிருக்காது. எனவே இந்த முறை இந்த ஒரே பொருளை எடுத்துக்கொண்டு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அலுவலகப் பயன்பாட்டுக்கென விற்கப்பட்ட டவர் வகைக் கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், 290 வாட் பவர் சப்ளை. வீடியோ எடிட்டிங்குக்கும் மகனின் விளையாட்டுகளுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று பொருத்த விரும்புகிறேன். மதர்போர்டில் உள்ளது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட், நான் பார்த்து வைத்திருக்கும் கார்டு 4.0 என்கிறது. இரண்டும் சேருமா?

பதில்: சேரும். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் முறையான பிசிஐ எக்ஸ்பிரஸின் முதல் பதிப்பு 2003-இல் வரையறுக்கப்பட்ட நாளிலிருந்து ஸ்லாட்டின் வடிவம் மாறவில்லை. புதிய கார்டைப் பழைய ஸ்லாட்டில் செருகினால், இரண்டில் எது மெதுவானதோ அதன் வேகத்தில் இரண்டும் இயங்கும். இதற்கு முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. அதை அடுத்த கடிதத்தில் பார்ப்போம். எல்லோரும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். ஆனால், பழைய கணினியில் புதிய கார்டு தோற்றுப்போவதற்கு ஸ்லாட்டின் பதிப்பு காரணமாக இருப்பது அரிது. மின்சாரம்தான் பெரும்பாலும் காரணம். ஆகவே உங்கள் 290 வாட் பவர் சப்ளையிலிருந்து தொடங்குவதே முறை.

பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட் தன் வழியாகக் கார்டுக்குத் தரக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டிய கார்டுகள் பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் கேட்கும்: 6 பின் இணைப்பு 75 வாட் வரைக்கும், 8 பின் இணைப்பு 150 வாட் வரைக்கும் தருவதாக வரையறுக்கப்பட்டுள்ளன. அலுவலகக் கணினிகளின் பவர் சப்ளையில் இந்த 6 பின், 8 பின் கேபிள்கள் பெரும்பாலும் இருப்பதே இல்லை. கதவைக் கழற்றி, பவர் சப்ளையிலிருந்து வரும் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடருங்கள். மதர்போர்டின் மேற்பகுதியில் பிராசஸருக்காகச் செல்லும் 4 அல்லது 8 பின் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டு கேபிள் என்று எண்ணிவிடக் கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவற்றின் மின் அமைப்பு வேறு, ஒன்றை மற்றொன்றின் இடத்தில் பலவந்தமாகச் செருகினால் கார்டோ மதர்போர்டோ எரிந்துபோகலாம்.

அடுத்து, பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். அதில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் வாட் எண்ணைவிட, 12 வோல்ட் என்ற பத்தியின் கீழ் உள்ள ஆம்பியர் எண்ணே உங்களுக்குத் தேவையானது. ஏனெனில் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தில் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட் வழியிலிருந்தே எடுக்கின்றன. அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உண்மையான இருப்பு தெரியும். 450 வாட் என்று எழுதிவிட்டு, 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் மட்டும் தரும் ஒரு மலிவான பவர் சப்ளையில் பயனுள்ள அளவு 216 வாட்தான். 12 வோல்ட் இரண்டு மூன்று பிரிவுகளாகக் காட்டப்பட்டிருந்தால் அவற்றைத் தனித்தனியே பெருக்கிக் கூட்டாதீர்கள். எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து இவ்வளவுதான் என்ற மொத்த வரம்பு அதன் அருகிலேயே சிறிய எழுத்தில் இருக்கும்.

உங்கள் கணினிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர்களில் பரவலாக விற்ற வகைகளுக்கு 84 வாட் வரை போகும். மதர்போர்டு, ரேம், விசிறிகள், ஒரு ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்குத் தாராளமாக 50 வாட் வைத்துக்கொள்ளலாம். இதுவரை 134. இதோடு 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டைச் சேர்த்தால் 209 வாட். நல்ல நிலையில் உள்ள 290 வாட் பவர் சப்ளை இதைத் தாங்கும். 130 வாட் கார்டைச் சேர்த்தால் 264 வாட் ஆகிறது. அது காகிதத்தில் அடங்குவதுபோலத் தெரிந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிராஃபிக்ஸ் கார்டுகள் சில மில்லிவினாடிகளுக்குத் தம் அறிவிக்கப்பட்ட அளவையும் தாண்டி மின்சாரத்தை இழுக்கக்கூடியவை. ஆண்டுக்கணக்கில் சூட்டில் உழைத்த பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்களோ முன்போல வலுவாக இருக்காது. விளையாட்டின் பரபரப்பான கட்டத்தில் மட்டும் கணினி திடீரென அணைந்து மறுபடி தொடங்குகிறது என்று எழுதுகிறவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

பவர் சப்ளையையே மாற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். சாதாரண மதர்போர்டுள்ள கணினியாக இருந்தால் அதுவே நல்ல வழி. ஆனால் உங்கள் கணினியின் காலத்தைச் சேர்ந்த பல அலுவலக டவர்களில், வழக்கமான 24 பின் இணைப்புக்குப் பதிலாக நிறுவனத்துக்கே உரிய சிறிய இணைப்பு மதர்போர்டில் இருக்கும். பவர் சப்ளையின் வடிவமும் திருகுத் துளைகளும்கூட வேறாக இருக்கலாம். மதர்போர்டில் செருகியிருக்கும் தடித்த கேபிளின் பின்களை எண்ணிப் பாருங்கள். 24 இருந்தால் பொதுவான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை பொருந்த வாய்ப்புண்டு. 8 அல்லது 6 மட்டும் இருந்தால் உங்கள் மாடலுக்கென்றே செய்த மாற்றுக் கேபிள் இல்லாமல் இயலாது.

ஆக உங்களுக்கு என் பரிந்துரை, தனி மின் கேபிள் கேட்காத 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 இந்த வகையைச் சேர்ந்தது. 2024-இல் வந்த 6 ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 3050 இன்னும் சற்று வேகமானது. அதற்கு 70 வாட் போதும். இங்கே பெயரில் ஒரு குழி இருக்கிறது: அதே ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் அதற்கு முன்பே வந்த 8 ஜிபி கார்டுக்கு 130 வாட்டும், தனிக் கேபிளும் தேவை. ஜிடிஎக்ஸ் 1650-லும் சில தயாரிப்பாளர்கள் வேகத்தைக் கூட்டி 6 பின் இணைப்பு வைத்திருக்கிறார்கள். எனவே பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், நீங்கள் வாங்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட மாடலின் படத்தில் கார்டின் மேல் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்து, மின் இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் இரண்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் உள்ள கணினி இருக்கிறது. நல்ல பவர் சப்ளை போட்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு பொருத்தினேன். மதிப்புரைகளில் காட்டும் வேகத்துக்கு அருகில்கூட வரவில்லை. சில விளையாட்டுகள் விட்டுவிட்டு ஓடுகின்றன. கார்டு பழுதா?

பதில்: கார்டு பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. முன் பதிலில் நான் குறிப்பிட்ட விதிவிலக்கு இதுதான்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பை ஒரு சாலையாக எண்ணிக்கொள்ளுங்கள். எக்ஸ்16 என்றால் 16 தடங்கள், எக்ஸ்4 என்றால் 4 தடங்கள். பதிப்பு எண் என்பது ஒவ்வொரு தடத்திலும் அனுமதிக்கப்படும் வேகம். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அது ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கிறது. 2022-இல் வந்த உங்கள் கார்டு, நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டில்தான் உட்காரும் என்றாலும், அதன் உள்ளே 4 தடங்கள்தான் இணைக்கப்பட்டுள்ளன. 4.0 பதிப்புள்ள மதர்போர்டில் அந்த 4 தடங்கள் வினாடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி கடத்தும், 3.0 பதிப்பில் அது 4 ஜிபியாகக் குறையும். இரண்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் தருவது 2.0 பதிப்பு மட்டுமே. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 2 ஜிபி. மதிப்புரை எழுதியவர்கள் வைத்திருந்த சாலையில் கால் பங்குதான் உங்களிடம் இருக்கிறது.

கார்டிலேயே நினைவகம் நிறைய இருந்தால் சாலை குறுகலாக இருப்பது அவ்வளவாகத் தெரியாது. வேண்டிய தரவு ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அங்கேயே தங்கிவிடும். உங்கள் கார்டில் பரவலாக விற்கும் வகையில் இருப்பது 4 ஜிபி. புதிய விளையாட்டுகள் அதைத் தாண்டும்போது மிச்சம் கணினியின் ரேமுக்குப் போய், ஒவ்வொரு முறையும் அந்தக் குறுகிய வழியாகவே திரும்பி வர வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டு ஓடுவதாக நீங்கள் உணர்வது அதைத்தான். விளையாட்டின் அமைப்புகளில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) தரத்தை ஒரு படி, இரண்டு படி குறைத்து, 4 ஜிபிக்குள் அடங்கும்படி வைத்தால் நல்ல மாற்றம் தெரியும். நிழல், ஒளி போன்ற மற்ற அமைப்புகளைக் குறைப்பதைவிட இதுவே உங்களுக்கு முக்கியம்.

எந்த இணைப்பில் கார்டு ஓடுகிறது என்பதை ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். கணினி சும்மா இருக்கும்போது மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இணைப்பு தானாகவே 1.1 பதிப்பின் வேகத்துக்கு இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பஸ் விவரத்தின் அருகில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி, சிறு சோதனையை ஓடவிட்டு, அப்போது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதே பதிலை, இந்தக் கார்டையோ இதன் தம்பியான ஆர்எக்ஸ் 6400-ஐயோ வீடியோ எடிட்டிங்குக்காக வாங்க எண்ணும் மற்றவர்களும் படிக்க வேண்டுகிறேன். இவ்விரண்டிலும் வீடியோவைப் பதிந்து சுருக்கும் என்கோடர் வன்பொருள் இல்லை. திரைக் காட்சியைப் பதிவு செய்வதும், முடித்த வீடியோவை வெளியே எடுப்பதும் முழுக்கப் பிராசஸரின் தலையில் விழும். பழைய பிராசஸர் வைத்திருப்பவருக்கு அது பெரிய சுமை.

மதர்போர்டில் இரண்டு நீளமான ஸ்லாட்டுகள் இருந்தால் பிராசஸருக்கு அருகில் உள்ளதையே பயன்படுத்துங்கள். இரண்டாவது ஸ்லாட் பல மதர்போர்டுகளில் நீளத்தில் மட்டுமே எக்ஸ்16. உள்ளே 4 தடங்கள்தான் இருக்கும்.

கேள்வி: என் பவர் சப்ளையில் 6 பின் கேபிள் இல்லை. கார்டுடன் வந்த பெட்டியில் இரண்டு சாட்டா இணைப்புகளை 6 பின்னாக மாற்றும் கேபிள் ஒன்று இருந்தது. அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். சாட்டா மின் இணைப்பு ஹார்டு டிஸ்க்குக்காக வடிவமைக்கப்பட்டது. 12 வோல்ட்டில் அதன் மெல்லிய பின்கள் மொத்தமாக 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் வரை தாங்கும் என்பது வரையறை. இரண்டையும் சேர்த்தால் கணக்கில் 108 வாட் வருகிறது, 6 பின்னுக்கு 75 வாட் போதும், எனவே அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டும் ஒரே கம்பியில் அடுத்தடுத்துத் தொங்கும் இணைப்புகளாக இருந்தால் பவர் சப்ளையிலிருந்து வரும் கம்பி ஒன்றுதான். தரம் குறைந்த மாற்றுக் கேபிள்களில் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியதை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சாட்டா இணைப்பை 8 பின்னாக மாற்றும் கேபிள்களும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. 54 வாட் இணைப்பிலிருந்து 150 வாட்டை எதிர்பார்க்கும் அந்தப் பொருளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பவர் சப்ளையில் 6 பின் கேபிள் இல்லை என்றால், அதைச் செய்தவர் அந்த அளவுக்கு மின்சாரம் தரும் திட்டத்தோடு அதைச் செய்யவில்லை என்று பொருள். கேபிளைக் கண்டுபிடித்துவிடுவதால் உள்ளே மின்சாரம் கூடிவிடாது. பவர் சப்ளையை மாற்றுங்கள், அல்லது கேபிள் கேட்காத கார்டாகத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கணினி ஒல்லியான கேபினட் கொண்டது. லோ புரொஃபைல் கார்டு என்றால் போதும் என்கிறார்கள். அது மட்டும் போதுமா?

பதில்: உயரத்துக்கு மட்டும் போதும். மற்ற இரண்டு அளவுகளையும் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

சாதாரணக் கார்டின் பின்பக்க உலோகத் தகடு 12 சென்டிமீட்டர் உயரம். லோ புரொஃபைல் தகடு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். பெட்டியில் குட்டைத் தகடு தனியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். கார்டு குட்டையாக இருந்தும் தகடு நெட்டையாகவே வந்தால் கேபினட்டை மூட முடியாது. பிறகு தடிமன். கார்டின் விசிறியும் வெப்பத் தகடும் ஒரு ஸ்லாட் இடத்தை எடுக்கின்றனவா, இரண்டையா என்று பாருங்கள். ஸ்லாட்டுகளுக்கு இடையே 2 சென்டிமீட்டர்தான் இடைவெளி. பல ஒல்லிக் கணினிகளில் நீளமான ஸ்லாட் பவர் சப்ளையை ஒட்டியோ கேபினட்டின் சுவரை ஒட்டியோ அமைந்திருக்கும். அங்கே இரட்டை ஸ்லாட் கார்டுக்கு இடமே கிடையாது. கார்டு ஒருவேளை உட்கார்ந்துவிட்டாலும், விசிறிக்கும் எதிரே உள்ள தகரத்துக்கும் நடுவில் காற்று புக வழியில்லாமல் போனால் அது சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடைசியாக நீளம்: பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்டு டிஸ்க் கூண்டு வரை ஸ்கேல் வைத்து அளந்து, கேபிள்கள் வளைந்து போக ஓரிரண்டு சென்டிமீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒல்லிக் கணினியின் ஸ்லாட் முழு 75 வாட்டையும் தரும் என்பதற்கு உறுதியில்லை. சில மாடல்களின் கையேட்டிலேயே அதைவிடக் குறைந்த வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் மாடலின் கையேட்டில் விரிவாக்க ஸ்லாட்டுகள் பற்றிய பக்கத்தைத் தேடிப் படித்த பிறகே 75 வாட் கார்டை நினையுங்கள். வரம்பு குறைவாக இருந்தால் 30 வாட்டில் இயங்கும் ஜிடி 1030, 53 வாட் ஆர்எக்ஸ் 6400 போன்றவை மீதமிருக்கின்றன.

கேள்வி: கார்டைப் பொருத்தினேன். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கார்டை எடுத்துவிட்டால் கணினி பழையபடி ஓடுகிறது. கடையில் சோதித்தபோது கார்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: முதலில் எளியவற்றை ஒதுக்கிவிடுவோம். மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டின் பழைய துளையிலேயே இருக்கிறதா? அதைக் கார்டின் துளைக்கு மாற்ற வேண்டும். கார்டில் மின் இணைப்பு இருந்தால் அது முழுவதும் அழுந்தியிருக்கிறதா? ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கி தன் இடத்தில் பூட்டியிருக்கிறதா? இவை சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே இருந்தால், கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸின் மீது ஐயம் கொள்ள வேண்டும்.

கணினியைத் தொடங்கும் அந்த முதல் நொடிகளில், விண்டோஸும், அதில் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் இன்னும் வராத நிலையில், கார்டு தனக்குள் வைத்திருக்கும் சிறிய மென்பொருளைக் கொண்டுதான் திரையில் படம் வரைகிறது. பழைய பயாஸ் ஒரு முறையில் அதை அழைக்கும்; அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ வேறொரு முறையில் அழைக்கும். பல ஆண்டுகளாகக் கார்டுகள் இரண்டு முறைகளையும் சுமந்து வந்தன. புதிய கார்டுகள் சிலவற்றில் பழைய முறை விடுபட்டிருக்கிறது, அல்லது சரிவர வேலை செய்வதில்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததை ஒட்டியே யூஇஎஃப்ஐ பரவலானது என்பதால், அதற்கு முந்தைய மதர்போர்டுகளில் இந்தச் சிக்கலை எதிர்பார்க்கலாம். அதற்குப் பிந்தைய மதர்போர்டுகளிலும் பழைய முறையில் இயங்கும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தால் இதே நிலைதான்.

கார்டை எடுத்துவிட்டு, விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்றிருந்தால் உங்கள் சிக்கலுக்கு இது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. லெகசி என்றிருந்தால், மதர்போர்டுக்கு யூஇஎஃப்ஐ தெரியாது என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடக் கூடாது. விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உள்ள கடைசி பயாஸ் பதிப்பை நிறுவிவிட்டு, பயாஸ் அமைப்புகளில் பழைய முறையைக் குறிக்கும் சிஎஸ்எம் அல்லது லெகசி என்ற தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதை யூஇஎஃப்ஐ-க்கு மாற்றலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: பழைய முறையில் நிறுவிய விண்டோஸ் இருக்கும் டிஸ்க், எம்பிஆர் என்ற பிரிப்பு அமைப்பில் இருக்கும், யூஇஎஃப்ஐ-க்கு மாற்றிய மறுகணம் அந்த விண்டோஸ் தொடங்காது. 2017-இலிருந்து விண்டோஸ் 10-உடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, தரவை அழிக்காமல் டிஸ்க்கைப் புதிய அமைப்புக்கு மாற்றித் தருகிறது. அழிக்காது என்று நம்பிக்கொண்டு, படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்காமல் இதைத் தொட்டுவிடாதீர்கள்.

இன்டெல்லின் ஆர்க் கார்டுகளை நினைப்பவர்களுக்கு இங்கேயே ஒரு சொல். அவை யூஇஎஃப்ஐ-யோடு, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதியையும் எதிர்பார்க்கின்றன. அது இல்லாத கணினியில் அவற்றின் வேகம் வெகுவாகக் குறையும். இன்டெல் பத்தாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: என் மானிட்டரில் நீல நிற விஜிஏ இணைப்பு மட்டுமே உள்ளது. புதிய கார்டில் எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் மட்டும் இருக்கின்றன. ஓர் அடாப்டர் போதுமா?

பதில்: போதும், ஆனால் சரியான அடாப்டராக இருக்க வேண்டும். விஜிஏ அனலாக் முறை. உங்கள் கார்டு தருவது டிஜிட்டல் மட்டும். எனவே உள்ளே மின்னணுச் சில்லு உள்ள மாற்றியே வேலை செய்யும். வெறும் கம்பிகளை மாற்றி இணைத்த கேபிள் படம் தராது. பழைய கார்டுகளுடன் வந்த டிவிஐ-விஜிஏ குமிழை எடுத்து வைத்திருப்பவர்கள் பலர். ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து என்விடியா தன் டிவிஐ துளையில் அனலாக் பின்களை நீக்கிவிட்டதால் அந்தக் குமிழ் அதில் நுழையவே நுழையாது.

கேள்வி: பழைய கார்டை மாற்றி வேகமான கார்டு போட்ட பிறகும் விளையாட்டின் வேகம் ஏறவில்லை. அதிக விலை கொடுத்து இன்னும் பெரிய கார்டு வாங்க வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். விளையாட்டைத் திறந்து, ஒரே இடத்தில் நின்றுகொண்டு, வினாடிக்கு எத்தனை பிரேம்கள் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரையின் ரெசொல்யூஷனை 1920-1080-இலிருந்து 1280-720-க்குக் குறைத்து அதே இடத்தில் மறுபடி பாருங்கள். எண் நன்றாக உயர்ந்தால் கார்டுதான் தடை. எண் ஏறக்குறைய அதே அளவில் நின்றால் பிராசஸரால் அதற்கு மேல் ஓட முடியவில்லை என்று பொருள். கார்டு வேலையில்லாமல் காத்திருக்கிறது. விண்டோஸ் 10-இன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சில்லின் பயன்பாட்டு வரைபடம் இருக்கும். விளையாடும்போது அது 50, 60 சதவீதத்திலேயே நின்றால் அதுவும் அதே செய்திதான்.

அப்படியானால், பிராசஸரை மாற்றும் முன் ரேமைப் பாருங்கள். இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்றில் மட்டும் ரேம் இருந்தால், அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்து இரட்டைச் சேனலாக்குவது (இரண்டும் ஒரே நேரத்தில் தரவைக் கடத்தும்படி செய்வது) குறைந்த செலவில் கிடைக்கும் உண்மையான முன்னேற்றம். விளையாட்டில் கூட்டம், தூரக் காட்சி, இயற்பியல் விளைவுகள் ஆகியவற்றைக் குறைத்தால் பிராசஸரின் சுமை குறையும். பிராசஸர் தடையாக இருக்கும் கணினியில், ரெசொல்யூஷனையும் டெக்ஸ்சரையும் உயர்த்திக்கொள்வதற்கு நீங்கள் தனியாக எதையும் இழக்கப்போவதில்லை. சும்மா இருக்கும் கார்டுக்கு அந்த வேலையையாவது கொடுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய கார்டு வாங்க நினைக்கிறேன். ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இரண்டும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. என் கணினியில் இப்போது 32 பிட் விண்டோஸ் 7 இருக்கிறது.

பதில்: கார்டைவிட விண்டோஸ்தான் முதலில் மாற வேண்டும். 32 பிட் இயங்குதளங்களுக்குப் புதிய டிரைவர் வெளியிடுவதை என்விடியாவும் ஏஎம்டியும் 2018-இலேயே நிறுத்திவிட்டன. விண்டோஸ் 7-க்கான புதிய கேம் டிரைவர்களை என்விடியா 2021 அக்டோபரோடு நிறுத்தியது. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தவும் விடாது. உங்கள் பிராசஸர் 64 பிட்டா என்று பார்த்துவிட்டு 64 பிட் இயங்குதளத்துக்கு மாறுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் பிராசஸர்களோ, சில விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றன. எனவே லினக்ஸையும் கருத்தில் கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு கார்டுகளும் என்விடியாவின் பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்தவை. அத்தலைமுறைக்கான வழக்கமான கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்தன. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். இன்று ஓடும் விளையாட்டுகளும் மென்பொருள்களும் நாளையும் ஓடும். புதிதாக வருபவற்றுக்கான திருத்தங்கள்தான் கிடைக்காது. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால், அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஜிடிஎக்ஸ் 1650-ஐ எடுப்பதே நல்லது.

ஜிடி 1030-ஐயே வாங்குவதாக இருந்தால், நினைவகம் எந்த வகை என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். 2017-இல் வந்த முதல் வடிவத்தில் ஜிடிடிஆர்5 நினைவகம் இருந்தது. வினாடிக்கு 48 ஜிபி கடத்தும். அடுத்த ஆண்டு அதே பெயரில் வந்த டிடிஆர்4 வடிவம் கடத்துவது 17 ஜிபிக்கும் குறைவு. விளையாட்டுகளில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிக அதிகம். பெட்டியில் இந்த வேறுபாடு கண்ணில் படும்படி இருக்காது.

பயன்படுத்திய கார்டுகளில் போலிகளும் உலவுகின்றன. ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற மிகப் பழைய கார்டின் உள் மென்பொருளை மாற்றி எழுதி, விண்டோஸில் 1050 டிஐ என்று பெயர் காட்டும்படி செய்துவிடுகிறார்கள். விற்பவரின் கணினியிலேயே ஜிபியு-இசட்டைத் திறக்கச் சொல்லுங்கள். இவ்வகை மாற்றங்களில் பலவற்றை அது கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்று குறிக்கும். கார்டின் துளைகளையும் பாருங்கள். 1050 டிஐ கார்டில் விஜிஏ துளை இருந்தால், அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.